இஸ்திரியக்கா வீடுதான் சட்டம்

வறுமை ஒழிப்புச் சட்டம் வந்த வருஷம், முதல் பக்கத்திலேயே வண்டி படுத்துவிட்டது. ஏழை என்றால் யார் என்று அங்கே எழுதியாக வேண்டும். சம்பளத்தை வைத்துச் சொல்லலாம் என்றார் ஒருவர். சாப்பாட்டை வைத்து என்றார் இன்னொருவர். முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று மூன்றாமவர் எரிந்து விழுந்தார். கமிட்டியில் ஒருத்தரும் ஏழை வீட்டு வாசலை மிதித்தவர் இல்லை என்பதால் வாக்குவாதம் செழிப்பாக நடந்தது. கடைசியில், நேரில் போய் ஒரு வீட்டைப் பார்த்து அதையே எழுதிவிடலாம் என்று காரில் கிளம்பினார்கள். கார் பஞ்சரான இடத்தில் இஸ்திரியக்காவின் வீடு இருந்தது.

அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு எந்தக் காரணமும் கிடையாது. ஆய்வு, புள்ளிவிவரம், நிபுணர் கருத்து என்றெல்லாம் பிற்பாடு எழுதிக்கொண்டார்கள். டிரைவர் டயர் மாற்றி முடிக்கும்வரை நிற்க நிழல் வேண்டியிருந்தது, உள்ளே வந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரே அறை. தெருவைப் பார்த்த கதவு, கதவை ஒட்டி இஸ்திரி மேஜை, மேஜைக்கு அடியில் கரி மூட்டை, எதிர் மூலையில் அடுப்பு, சுவரில் சாத்திய பாய். அக்கா ஒரு சட்டைக் காலரை நீவிவிட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் இஸ்திரியக்காதான். வெள்ளைச் சட்டைக்காரர்கள் கும்பலாக வாசலை அடைத்ததும், துணி போட வந்தவர்கள் என்று நினைத்து, "இன்னிக்குக் கேக்காதீங்க, நாளைக்குத்தான் ஆகும்" என்றாள். அவர்கள் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இதுதான்" என்றார் தலைவர், தொலைந்த மூக்குக்கண்ணாடி கிடைத்த மாதிரி.

சீக்கிரமே கதவில் ஒரு தகரப் பலகை அடித்தார்கள். அதில் 'மாதிரி வீடு' என்று எழுதியிருந்தது. இந்த வீட்டில் இருப்பதைவிடக் குறைவாக யார் வீட்டில் இருக்கிறதோ அவரே ஏழை, அவருக்கு மாதாமாதம் இலவச ரேஷன் என்றது சட்டம். அக்காவும் சந்தோஷமாகப் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள்.

"உங்களுக்கு இல்லம்மா" என்றார் கடைக்காரர்.

"ஏன்? என் வீட்டைப் பாத்துத்தானே சட்டமே போட்டாங்க?"

"அதனாலதான் இல்லை. மாதிரி வீட்டைவிடக் குறைவா இருக்கணும். உங்க வீடு மாதிரி வீட்டுக்குச் சமமால்ல இருக்கு?"

"என் வீடு என் வீட்டைவிட எப்படிங்க குறைவா இருக்கும்?"

கடைக்காரர் நல்ல மனுஷர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்திரம் கீத்திரம் ஏதாவது வித்துப் பாருங்களேன்" என்றார்.

அக்கா ஒரு குண்டானை விற்றாள். அவள் வீட்டில் ஒரு குண்டான் குறைந்ததும் சட்டத்திலும் ஒரு குண்டான் குறைந்தது. மறுபடியும் சமம். போதாததற்கு, ஒரு குண்டான் அதிகமாக வைத்திருந்த பாவத்துக்கு அந்தத் தெருவில் சில குடும்பங்கள் ரேஷனை இழந்து, வாசலில் வந்து நின்று அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி கேட்டுவிட்டுப் போயின. இந்தக் கூத்தைச் சரி செய்யத்தான் முதல் திருத்தம் வந்தது. மாதிரி வீடும், அதற்குச் சமமான வீடுகளும் ஏழை வீடுகளே என்று அது பெரிய மனசு பண்ணியது. அதற்குள் இரண்டு வருஷம் ஓடிப்போயிருந்தது.

வீட்டைக் கண்காணிக்க ஓர் அளவுக்காரரைப் போட்டார்கள். ஒல்லியான ஆள், பையில் டேப், முகத்தில் எப்போதும் ஒரு பயம். சொல்லாமல் கொள்ளாமல் வருவார். பாத்திரத்தை எண்ணுவார், பாயை அளப்பார், அக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். அக்கா அவரைத் தம்பி என்றாள். நாட்டுக்கே ஏழை யார் என்று தீர்மானிக்கிறவர் கசங்கின சட்டையோடு போவதைப் பொறுக்க முடியாமல், ஒருதடவை காலரை மட்டுமாவது நீவிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று பதறினார்.

இதில் இன்னொரு வசதி ஒளிந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டுத் தச்சர். அவர் வீட்டில் ஃபேன் இருந்ததால் அவருக்கு ரேஷன் கிடையாது. இஸ்திரியக்கா வீட்டில் எது நுழைகிறதோ அது சட்டத்திலும் நுழைந்துவிடும் என்று அவருக்குப் பளிச்சென்று பட்டது. அளவுக்காரர் தெருமுனையில் தலை காட்டிய அன்று, தன் ஃபேனைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து அக்கா வீட்டு உத்தரத்தில் மாட்டினார். அக்காவும் காற்று வருகிற மாதிரி முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"சுத்தலையே?" என்றார் அளவுக்காரர்.

"நம்ம வீட்டுக்குக் கரண்ட் ஏது தம்பி?"

இரண்டாம் திருத்தம் வந்தது. மின் இணைப்பு இல்லாத மின்விசிறியை வைத்திருப்பவர்களும் ஏழைகளே. அந்தக் கோடையில் தெரு முழுக்க அவரவர் வீட்டு ஒயரை அவரவரே வெட்டிக்கொண்டார்கள். ஓடாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டார்கள். "சட்டம் நம்மளுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கு, நாமளும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்ல?" என்றார் தச்சர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

மேலிடம் ரேஷன் கணக்கைப் பார்த்து அலறியது. அளவுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, உங்க கால்ல வேணாலும் விழறேன், இனிமே எதுவும் வாங்காதீங்க. நீங்க ஒரு டம்ளர் வாங்கினாக்கூட நாட்டுல லட்சக்கணக்குல ஏழைங்க பெருகிடுறாங்க. எங்களைக் காய்ச்சி எடுக்குறாங்க."

"நானா தம்பி பெருக்குறேன்?"

"நீங்கதான். மீறி வாங்கினா மாதிரியையே வேற வீட்டுக்கு மாத்திடுவாங்களாம். அப்புறம் உங்களுக்கு ரேஷனும் இல்லாமப் போயிடும்."

அந்த ரேஷனில்தான் பாதி மாதம் அடுப்பு எரிந்தது. அக்கா சரியென்றாள். வாங்கவேண்டிய சாமான் எதுவும் இல்லை, அதனால் ஒரு சங்கடமும் வராது என்றுதான் நினைத்திருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் வீட்டுக்காரர் இடுப்பில் மூட்டை விழுந்தது. குடோனில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அடுக்கு சரிந்து மேல் மூட்டை நேராக அவர் மேல் வந்தது. உயிர் பிழைத்தார். நிமிர்த்தி நிறுத்தினால் மெதுவாக நடப்பார், உட்கார வைத்தால் உட்காருவார், ஆனால் தரையிலிருந்து தானாக எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. தினம் காலையில் அக்கா அவர் பின்னால் குந்தி, அக்குளில் கைகொடுத்து, "தம் பிடிங்க" என்று இழுத்துத் தூக்குவாள். மூட்டை சுமந்து உரமேறின உடம்பு. லேசில் எழும்புமா? இஸ்திரிப் பெட்டி பிடித்தே வீங்கிய வலது மணிக்கட்டு அந்த நேரத்தில் உயிர்போக வலிக்கும். ஒருநாள் இந்தக் கை விட்டுவிடும், அன்றைக்குத் துணியும் கிடக்கும், மனுஷரும் தரையில் கிடப்பார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வாள்.

"கட்டில்ல படுக்க வைங்க" என்றார் டாக்டர். "காலைத் தொங்கப் போட்டா அவரே எழுந்துக்குவாரு. இதுக்கு மருந்தே வேணாம்."

கட்டில் என்ற சொல்லைக் கேட்டதும் அளவுக்காரரின் முகம் செத்துவிட்டது. "கட்டிலா? அக்கா, கட்டில் இருக்குறவன் எல்லாம் ஏழைன்னு ஆச்சுன்னா அமைச்சரும் ரேஷன் கடைக்கு வந்து நிக்கணும்."

தச்சரோ அன்று சாயங்காலமே ஒரு கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "சும்மா வச்சுக்க தங்கச்சி, ஒரு பைசா வேணாம். உள்ள மட்டும் விடு" என்றார். நாளைக்கு அவர் வீட்டில் போட்டுக்கொள்ளும் கட்டிலும் ஏழைக் கட்டிலாகிவிடும் என்ற கணக்கு. ஒருபக்கம் தச்சர் கட்டிலோடு நிற்கிறார், இன்னொரு பக்கம் அரசாங்கம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது, நடுவில் மனுஷர் தரையில் கிடக்கிறார். ரேஷனை நினைத்து அக்கா கட்டிலைத் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு அழுதாள்.

அளவுக்காரர் கெட்டவர் இல்லை. பயந்தவர், ஆனால் விடாக்கண்டர். மேலே எழுதி எழுதி அனுப்பினார். ஒரு வருஷம் கழிந்து மூன்றாம் திருத்தம் வந்தது. ஏழைகள் கட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டிலுக்குக் கால் இருக்கக் கூடாது. அதாவது ஒரு பலகை. அரசாங்கமே லாரியில் கொண்டுவந்து தரையோடு தரையாகப் போட்டுவிட்டுப் போனது.

"இப்போ நான் எழுந்திரிக்கணும்னா பலகையும் சேர்ந்து எழுந்திரிக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

அளவுக்காரர் மறுபடி எழுதினார். நான்காம் திருத்தத்தில், பலகையின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு செங்கல் அனுமதிக்கப்பட்டது. நம் நாட்டு ஏழைகள் இன்று ஒரு செங்கல் உயரத்துக்கு உயர்ந்துவிட்டார்கள் என்று அமைச்சர் ரேடியோவில் பேசினார், குரல்கூடத் தழுதழுத்தது. இடுப்பு நன்றாக இருந்தவர்களும் எதற்கு வம்பு என்று பலகை போட்டுச் செங்கல் வைத்துப் படுத்தார்கள். பிள்ளைகள் தூக்கத்தில் உருண்டு விழுந்தன. இரண்டு செங்கல் வைத்தவர்களை அதிகாரிகள் பிடித்து, வறுமையைத் தாண்டிவிட்டதாக எழுதி ரேஷனை நிறுத்தினார்கள்.

பிறகு செங்கலைப் படுக்க வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா என்று பிரச்சினை கிளம்பியது. படுக்க வைத்தால்தான் பாதுகாப்பு என்றது ஆளுங்கட்சி. நிமிர்த்தியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது எதிர்க்கட்சி. ஆளுக்கொரு செங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அந்தச் செங்கலிலேயே ஆட்சி கவிழ்ந்தது. புது ஆட்சி வந்ததும் வாக்குத் தவறாமல் செங்கலை நிமிர்த்தியது. அடுத்த திருத்தம் அதன்மேல் இன்னொரு செங்கலை வைத்தது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் காலைத் தொங்கப் போட்டு முக்கிப் பார்ப்பார். முழங்கால் முகவாய்க்கு வந்து இடிக்கும்.

"இன்னும் கொஞ்சம்தான்" என்பாள் அக்கா.

"அடுத்த தேர்தல்ல எழுந்திரிச்சுடுவேன்" என்பார் அவர்.

வருஷங்கள் இப்படிப் போயின. அளவுக்காரருக்குக் கல்யாணம் ஆனது, முன்மண்டை வழுக்கை விழுந்தது. அக்கா மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு, லேசான உருப்படிகளை இடது கையால் தேய்த்தாள். ஒரு குளிர்காலக் காலையில் இரண்டு தடவை இழுத்தும் கை வழுக்கிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து தச்சர் வந்து தூக்கிவிடும்வரை புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த திருத்தத்தில் கடைசிச் செங்கல் வந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்காரர் காலைத் தொங்கப் போட்டார். பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. முட்டியில் கையூன்றினார், எழுந்துவிட்டார். அப்படியே நின்று, ஏதோ தப்புச் செய்தவர் போல அக்காவைப் பார்த்தார். அவள் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே வாயைப் பிளந்து நின்றாள். சட்டையின் முதுகில் பெரிய ஓட்டை விழுந்தது. சட்டைக்குச் சொந்தக்காரர் வந்து காட்டுக் கத்தல் கத்தினார். அக்கா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் வாழ்க்கையில் அதற்குமுன் வந்ததில்லை.

அளவுக்காரர் செய்தி கேட்டு முதலில் கண்கலங்கினார், அப்புறம்தான் உத்தியோகம் ஞாபகம் வந்தது. எழுந்து நடமாடுகிற ஆண்பிள்ளை உள்ள வீடும் ஏழை வீடு என்று ஆகிவிட்டால் நாட்டில் மிச்சம் யார்? அமைச்சரே கமிட்டியோடு நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

"அண்ணே, அவங்க இருக்குறவரைக்கும் மட்டும் படுத்தே இருங்க" என்று கெஞ்சினார் அளவுக்காரர்.

"படுக்காதீங்க, ஜம்முனு எழுந்து நில்லுங்க. தெருவே உங்களை நம்பித்தான் இருக்கு" என்றார் தச்சர்.

"எத்தனை வருஷம் கழிச்சு எழுந்திருக்கேன். அதுக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்களே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அமைச்சர் வந்தார். படுத்திருந்தவரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நின்று வறுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு முடிகிற வழியாக இல்லை. வாசலில் தெரு ஜனம் மூச்சுவிடாமல் நின்றது. வீட்டுக்காரரோ காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்துக்குமேல் அவரால் முடியவில்லை. காலைத் தொங்கப் போட்டார், முட்டியில் கையூன்றி எழுந்தார், "கொஞ்சம் வழி விடுங்க சார், அவசரம்" என்று அமைச்சரை ஒதுக்கிவிட்டு, தெருக்கோடியிலிருந்த பொதுக் கழிப்பறைக்கு மெதுவாக நடந்தார். தெரு நெடுக விசிலும் கைதட்டலும். ஒன்றுக்குப் போன மனுஷருக்கு அப்படியொரு வரவேற்பு எங்கேயும் கிடைத்திருக்காது.

அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை. கமிட்டி அங்கேயே கூடிப் பேசியது. குறை வீட்டில் இல்லை, வீட்டுக்குள் ஆட்கள் இருப்பதில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஆள் இருந்தால் வலி வரும், வலி வந்தால் கட்டில் கேட்பார்கள். ஆகவே மாதிரி வீட்டில் ஆளே இருக்கக் கூடாது. தெருக்கோடியில் கூரை விழுந்து யாரும் குடியில்லாத வீடு ஒன்று கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பூனை மட்டும் இருந்தது, அதையும் விரட்டிவிட்டுத் தகரப் பலகையைக் கொண்டுபோய் அங்கே அடித்தார்கள். இனி அந்த வீட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ வைத்திருப்பவரே ஏழை. நாடு முழுக்கத் தேடினார்கள். எல்லாரிடமும் ஏதாவது ஒன்று இருந்தது, ஒரு சொம்பாவது, ஒரு துண்டாவது. ஏழை என்று ஒருவரும் அகப்படவில்லை. வறுமை ஒழிந்துவிட்டதாக ரேடியோ சொன்னது.

சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெருவில் யாருக்கும் பிடிபடவில்லை. தச்சர் அக்கா வீட்டிலிருந்து தன் ஃபேனைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டி, ஒயரை ஒட்டிப் போட்டார். "ஃபேனாவது சுத்துது" என்றார்.

ரேஷன் நின்றது. ஏழைகளுக்குக் கொடுத்த பலகையும் செங்கலும் ஏழை அல்லாதவர்களிடம் இருக்கக் கூடாது என்று திரும்ப எடுத்துக்கொள்ள லாரி வந்தது. இஸ்திரியக்கா வீட்டுக்கு அளவுக்காரரையே அனுப்பியிருந்தார்கள். செங்கலைச் சுமந்துகொண்டு போகும்போது, "மன்னிச்சிடுங்கக்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அக்கா கதவைப் படாரென்று சாத்தினாள். அவளுக்கு அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் தரையில் கிடந்த மனுஷரைத் தூக்கி நிறுத்துவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் பொட்டில் அடித்தாற்போல் தோன்றியது, இனி கட்டில் வாங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? நேராகத் தச்சரிடம் போய் நின்றாள். அன்றைக்குச் சும்மா கொடுக்க வந்தவர் இப்போது தலையைச் சொறிந்தார். "அப்போ சட்டத்துக்காகச் சொன்னேன் தங்கச்சி. இப்போ மரம் விக்கிற விலை தெரியுமா?" கடைசியில், அவர் வீட்டுத் துணியெல்லாம் ஆயுசுக்கும் கூலியில்லாமல் தேய்த்துத் தருவது என்று முடிவானது. நான்கு காலோடு கட்டில் வந்தது. வீட்டுக்காரர் தானாக எழுந்தார், மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணிக்குத் தண்ணீர் தெளித்து மடித்துக் கொடுத்தார். ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு காந்தியது. ஆனாலும் காலையில் கண் விழித்தால் விரலை மடக்கிப் பார்க்கிற வேலை அக்காவுக்கு இல்லை, அதுவே பெரிதாக இருந்தது.

மழை பிடித்த ஒரு மத்தியானம் அளவுக்காரர் வாசலில் நின்றார். கையில் டேப் இல்லை. உள்ளே வரவும் இல்லை.

"என்ன தம்பி, இனிமே இங்க அளக்க என்ன இருக்கு?"

"ஆபீஸை மூடிட்டாங்கக்கா. ஏழையே இல்லைன்னு ஆனப்புறம் அளவு எதுக்குன்னு எல்லாரையும் அனுப்பிட்டாங்க. என் பொண்டாட்டியும் பிள்ளைங்களும் அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க." நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பக்கம் வந்தேன். கால் தானா திரும்பிடுச்சு."

அவர் கண் அடுப்புமேல் போய்விட்டுத் திரும்பியதை அக்கா பார்த்துவிட்டாள். அன்றைய ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து தானாகவே எழுந்து, "இப்படி உக்காருங்க தம்பி" என்று இடம் விட்டார். அக்கா இரண்டு பேருக்கு இருந்த சோற்றை மூன்று தட்டில் போட்டாள்.

அளவுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். தொழில் புத்தி அவரை விடவில்லை.

"நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்கா. வேலை இல்லை, ரேஷன் இல்லை. ஆனா அந்தக் காலி வீட்டைவிட எங்கிட்ட ஒரு பாயும் ஒரு குடமும் கூடுதலா இருக்கு. அப்போ நான் எந்தப் பிரிவுல வருவேன்?"

"எதுலயும் வரமாட்டீங்க" என்றாள் அக்கா. "சாப்பிடுங்க."